வாகை யாருக்கு?

1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள் காலை. ஆழ்வார்திருநகரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன். முந்தைய நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் பந்தயத்தில் இந்தியா பாகிஸ்தானை 47 ஓட்ட வித்தியாசத்தில் வென்றிருந்தது. இரவு நெடுநேரம் தொலைக்காட்சியின் முன் விழித்திருந்த களைப்பு கண்களில் மிச்சமிருந்தது. எனினும், கண்ணால் கண்டதை எழுத்திலும் ஒருமுறை காணவேண்டும் என்னும் ஆசை யாரைத்தான் விட்டது? தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். டிராவிட் 61, அசாருத்தீன் 59, வெங்கடேஷ் பிரசாத் 27 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகள்.

அப்போது எதிர் வரிசையில் குடியிருந்த ஓர் ஆச்சி வந்து திண்ணையோரம் நின்றார். அவருடைய இளைய மகன் இராணுவத்தில் சேர்ந்து காஷ்மீர்ப் பகுதியில் இருந்தான். ஆச்சி எழுத்தறியாதவர்.

"தம்பி, பேப்பர்ல பேரு எதுவும் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

எந்தப் பெயர் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஆட்டக்காரர் பதினொருவர் பெயரையும், அவரவர் எடுத்த ஓட்டங்களையும் நான் அந்தக் கணமே ஒப்பித்திருப்பேன். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. ஏனெனில் முதற் பக்கத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லை. அவசரமாகத் தாளைத் திருப்பினேன். கார்கில் மலைப்பகுதியில் நடந்துகொண்டிருந்த சண்டைபற்றிய செய்தியை வரிவரியாகப் படித்தபின், "இல்லை ஆச்சி" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

அவர் என்னைக் குறை கூறவில்லை. நான் எந்தப் பக்கத்திலிருந்து படித்தேன் என்பதும் அவருக்குத் தெரியாது. ஆனால் அன்று தொடங்கிய உறுத்தல் இன்றளவும் என்னை விடவில்லை. போர் நடக்கும் நாளில் விளையாட்டின் வெற்றியைக் கொண்டாடுவது அறமா? கொண்டாடலாம் எனில், எந்த அளவுக்கு? ஒரே தாளின் இரு பக்கங்களில் இருவகை மனிதர்கள் இடம்பெறும்போது, இருவரையும் 'வீரர்' என்று ஒரே சொல்லால் அழைக்கும் நாம், அவர்களுக்கு எதைக் கடன்பட்டிருக்கிறோம்? இவற்றை நேயர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்பியே இதனை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பந்தயத்தில் வென்றவனை 'வாகை சூடினான்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. வாகை என்பது பண்டைக் காலத்தில் போரில் வென்றவர் சூடிய மலர். ஆயினும் தொல்காப்பியர் வாகைத் திணையைப் போர்க்களத்தோடு நிறுத்திவிடவில்லை. தத்தம் துறையில் குற்றமற்ற கொள்கையோடு மேம்படுவோர் அனைவருக்கும் அதனை அவர் விரித்துவைத்தார். அந்தணர், அரசர், அறிவர், தவத்தோர், பொருநர் என அவர் வகுக்கும் பகுப்பில் வாளேந்தாதவர்க்கும் வாகை உண்டு. ஆகவே பந்து வீசுபவனுக்கு வாகை சூட்டுவது தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மேம்பாடு அவரவர் துறையில் உள்ள மேம்பாடே. ஒரு துறையின் வாகையை எடுத்து இன்னொரு துறையில் பட்ட காயத்தை மூட முயல்வது அந்த மரபு சொல்லாதது.

எங்கள் ஊருக்கு மேற்கே, தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்குள்ள தாழிக்காட்டை அகழ்ந்தபோது பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்களும், இரும்பு வாள்களும், ஈட்டிகளும் கிடைத்தன. பட்டம் யாருக்கு எதற்காகச் சூட்டப்பட்டது என்பதை இன்று கூறுவார் இல்லை. பட்டமும் வாளும் ஒரே மண்ணுக்குள் போயின என்பது மட்டும் தெரிகிறது. இன்றைய செய்தித்தாளும் அந்த மண்ணைப் போன்றதே. பட்டத்தையும் வாளையும் அது ஒன்றாகவே கட்டி நம் வாசலில் போட்டுவிட்டுப் போகிறது. பிரித்தறிய வேண்டியவர் நாமே.

ஒரு சாரார் கூறுவர்: நாட்டில் போர் நடக்கும்போது பந்தயங்களை நிறுத்திவிடுவதே முறை. இக்கருத்துக்கு வலு இல்லாமல் இல்லை. 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் நடந்திருக்க வேண்டிய ஒலிம்பிக் பந்தயங்கள் உலகப் போரால் நடைபெறவே இல்லை. 1936இல் பெர்லின் நகரில் ஜெர்மனியை 8-1 என்ற கோல் கணக்கில் வென்ற நம் ஹாக்கி அணியின் தலைவர் தியான்சந்த், அதன்பின் ஒலிம்பிக் களத்தில் ஆடும் வாய்ப்பையே பெறவில்லை.

ஆனால் அதே போர்க்காலத்தில் பம்பாயில் கிரிக்கெட் நிற்கவில்லை. அங்கு ஐம்முனைப் போட்டி என ஒன்று ஆண்டுதோறும் நடந்துவந்தது. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள், ஏனையோர் என மதத்தாலும் இனத்தாலும் பிரிந்த ஐந்து அணிகள் அதில் மோதின. 1940 டிசம்பரில் இதுகுறித்துக் காந்தியடிகளின் கருத்தைச் சிலர் நாடியபோது, உலகம் போரில் எரிய, நாட்டுத் தலைவர்கள் சிறையில் வாட, இப்பந்தயங்களை நிறுத்த விரும்புவோர் பக்கமே தம் உள்ளம் இருப்பதாக அவர் தெரிவித்தார். விளையாட்டில் மதவாரியான அணிகள் எதற்கு என்பதே தமக்கு விளங்கவில்லை என்றும் கூறினார். பந்தயங்கள் தொடர்ந்தன. 1943 டிசம்பரில் இறுதிப் பந்தயத்தில் இந்துக்கள் அணிக்காக விஜய் மர்ச்சண்ட் ஆட்டமிழக்காமல் 250 ஓட்டங்கள் எடுத்தார். ஏனையோர் அணியின் விஜய் ஹசாரே, தம் அணி எடுத்த 387 ஓட்டங்களில் 309 ஓட்டங்களைத் தனியொருவராகக் குவித்தார். கிரிக்கெட் வரலாற்றில் அது பெருஞ் சாதனை. அதே ஆண்டில்தான் வங்காளத்தில் பெரும் பஞ்சம். சுமார் 30 லட்சம் மக்கள் மாண்டனர் என்பது பலரும் ஒப்பும் மதிப்பீடு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு கலங்காதவர் இரார். எனினும், ஹசாரே மட்டையைக் கீழே வைத்திருந்தால் கல்கத்தாத் தெருவில் ஒரு பிடி அரிசி கூடியிருக்குமா? மட்டையைப் பழிப்பது எளிது. நெற்கிடங்கின் சாவி யாரிடம் இருந்தது எனக் கேட்பது கடினம். எளியதைச் செய்துவிட்டுக் கடியதைச் செய்ததாக நாம் நிறைவு கொள்ளலாகாது.

போர்க்காலத்தில் உழவர் நாற்றுப் பாவாமல் இருப்பதில்லை. தாய் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடாமல் இருப்பதில்லை. நிக்காஹ்கள் நிற்பதில்லை. துயரத்தின் நடுவே மனிதன் சற்று இளைப்பாறுவதை இறைவன் தடுக்கவில்லை. ஆதலின் விளையாடுவதே குற்றம் என்னும் வாதம் நிற்காது. ஆனால் இளைப்பாறுதல் வேறு, மறந்துபோதல் வேறு. பந்தயம் முடிந்தபின் துயரத்திடம் திரும்பி வருகிறவன் இளைப்பாறியவன். திரும்பி வராதவன் மறந்தவன். அன்று காலை ஆச்சி வந்து கேட்கும்வரை நான் திரும்பி வரவில்லை. என் குற்றம் அதுவே.

அந்த ஜூன் 8ஆம் நாளில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், பிகார் படைப்பிரிவின் அதிகாரி, மே 29ஆம் நாள் படாலிக் பகுதியில் போரிட்டு உயிர் நீத்தார். அவருடைய உடலை மீட்கச் சென்றவர்களால் உடனே மீட்க இயலவில்லை. ஜூலை மாதம்தான் அது கிடைத்தது. அப்படியானால் மான்செஸ்டரில் கடைசி விக்கெட் விழுந்து நம் தெருக்களில் வெடிச்சத்தம் எழுந்த அந்த இரவில், நம் தமிழ் மண்ணின் மகன் ஒருவன் உறைபனி மலையின்மேல் அடக்கம் செய்வாரின்றிக் கிடந்தான். இதை எண்ணும்போது அந்த வெற்றியை வெற்றி இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் அந்த இரவின் முழுச் செய்தி அது ஒன்றே என்று இனி எவரும் என்னிடம் கூற முடியாது. கார்கிலில் நம் தரப்பில் மாண்டவர் 527 பேர்.

இனி மற்றொரு சாராரின் கருத்து. இவர்கள் முன்னவர்க்கு நேர் எதிர். விளையாட்டும் ஒரு போரே, களத்தில் வென்றால் எல்லையில் வென்றதற்கு ஒப்பாகும் என்பர். நம் தலைப்புச் செய்திகளைப் பாருங்கள். 'பழி தீர்த்தது', 'படை திரண்டது', 'எதிரியை வீழ்த்தியது' என்றெல்லாம் எழுதுகிறார்கள். இவ்வழக்கால் விளையும் கேடு இரண்டு. ஒன்று, எதிரணியினன் பகைவன் ஆகிறான். மற்றொன்று இதனினும் கொடியது: போர் ஒரு பந்தயம் ஆகிவிடுகிறது. இறந்தோர் எண்ணிக்கையை ஓட்டக் கணக்கைப்போல் ஒப்பிட்டு மகிழும் மனம் இப்படித்தான் பிறக்கிறது.

இது தொலைவில் உள்ள கேடு என எண்ண வேண்டா. நம் பிள்ளைகளின் முற்றத்திலேயே இது நடக்கிறது. நான் ஆசிரியனாக இருந்த நாளில், ஏழாம் வகுப்பில் ஒரு முஸ்லிம் சிறுவன் இருந்தான். 1999 ஜனவரியில் சென்னை டெஸ்ட் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, சக்லைன் முஷ்தாக் பந்து வீசும் முறையைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். சிறு தயக்கத்தோடு ஓடிவந்து, கையைச் சுழற்றி, பந்தை அவ்வளவு அழகாகத் திருப்புவான். ஒருநாள் உடன் ஆடிய சிறுவன் ஒருவன், "நீ அவங்க கட்சியாடா?" என்று கேட்டுவிட்டான். கேட்டவனும் குழந்தையே, வீட்டிலோ தெருவிலோ கேட்டதைத் திருப்பிச் சொன்னான். அன்று முதல் இவன் அவ்வாறு பந்து வீசுவதை விட்டுவிட்டான். ஐந்து மாதம் கழித்து, மான்செஸ்டர் வெற்றியன்று இரவு, எங்கள் பகுதியில் மிகுதியாகப் பட்டாசு வெடித்தவன் அவனே. அவன் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது; மறுக்கவில்லை. ஆனால் அவன் அடிக்கடி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். யாராவது தன்னைக் கவனிக்கிறார்களா என்று பார்த்தான் போலும்.

ஒரு குழந்தை தன் நாட்டன்பைப் பட்டாசால் மெய்ப்பிக்க வேண்டிய நிலை யாருக்குப் பெருமை? அன்று வென்ற அணியின் தலைவர் முகம்மது அசாருத்தீன். இப்பெயரைச் சொல்லி வாதாட எனக்கு ஆசை வந்ததுண்டு. 1965ஆம் ஆண்டுப் போரில் உயிர் ஈந்து பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதின் பெயரையும் சேர்த்துக் கூறலாம். ஆனால் பட்டியல் நீட்டி மெய்ப்பிக்கத் தொடங்கும்போதே, மெய்ப்பிக்க வேண்டிய கடன் நமக்கு உண்டு என ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. நாட்டுக்கு ஒருவன் செலுத்தும் கடன் அவன் உழைப்பில், நேர்மையில், அண்டை வீட்டாரின் துன்பத்தில் பங்கு கொள்வதில் இருக்கிறது. எந்தப் பந்துக்குக் கை தட்டினான் என்பதில் இல்லை.

அதே சென்னைப் பந்தயத்தைப் பற்றி இங்கே கூறியே ஆகவேண்டும். 1999 ஜனவரி 31ஆம் நாள். சேப்பாக்கம் மைதானம். வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவை. டெண்டுல்கர் முதுகு வலியோடு ஆடி 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் வீழ்ந்ததும் எஞ்சியோர் சரிந்தனர். 258 ஓட்டங்களில் ஆட்டம் முடிந்தது. பாகிஸ்தான் 12 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. மைதானம் சில நொடிகள் உறைந்து போயிற்று. பிறகு மக்கள் எழுந்து நின்றார்கள், கை தட்டினார்கள். வசீம் அக்ரமின் அணியினர் அந்தக் கைதட்டலை ஏற்று மைதானத்தைச் சுற்றி வந்தனர். தோற்ற ஊர் வென்றவரை எழுந்து நின்று வாழ்த்திய அக்காட்சியைக் கண்டவர் எவரும் மறந்திருக்கமாட்டார்.

அடுத்த சில மாதங்களில் கார்கில் வந்தது. அப்போது சிலர் ஏளனமாகக் கேட்டனர்: சேப்பாக்கத்தில் கை தட்டினீர்களே, பலன் என்ன? நல்ல கேள்விதான். அந்தக் கைதட்டல் பொய்யாகிவிட்டதா?

ஆகவில்லை என்பதே என் கருத்து. சேப்பாக்கத்து மக்கள் எந்த அரசோடும் உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை. நான்கு நாள் நன்றாக ஆடியவர்களுக்கு, நன்றாக ஆடினீர்கள் என்னும் உண்மையைச் சொன்னார்கள். அது நீதி. ஒருவர் செய்த நீதியைப் பின்னால் மற்றொருவர் செய்த தீங்கு பொய்யாக்காது. எடைக்கல்லைச் சரியாக வைத்த வணிகன், வாங்கியவன் கள்ளக் காசு கொடுத்தான் என்பதற்காக எடையில் பிழை செய்தவன் ஆகமாட்டான். நட்பை எதிர்பார்த்துச் செய்யும் நீதி நட்பு முறிந்தால் முறியும். நீதிக்காகவே செய்த நீதிக்கு அந்த அச்சம் இல்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நடந்தது. அந்நாட்களில் ஆஸ்திரேலியாவில் கார்ஃபீல்டு சோபர்ஸ் தலைமையில் உலக அணி ஒன்று சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. அவ்வணியில் நம் கவாஸ்கர், பேடி, ஃபரூக் எஞ்சினியர் ஆகியோரும், பாகிஸ்தானின் இன்திகாப் ஆலம், ஜாகீர் அப்பாஸ், ஆசிஃப் மசூத் ஆகியோரும் இருந்தனர். போர் உச்சத்தில் இருந்த அந்நாட்களில் பெர்த் நகரில் டென்னிஸ் லில்லி 29 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்த, அவ்வுலக அணி 59 ஓட்டங்களில் சுருண்டது. இருநாட்டு விமானங்களும் குண்டு பொழிந்துகொண்டிருந்த வேளையில், இருநாட்டு மைந்தரும் ஒரே உடை மாற்றும் அறையில் ஒரே தோல்வியைப் பகிர்ந்துகொண்டனர். வீட்டிலிருந்து வரும் செய்திக்காக அவர்கள் ஒவ்வொருவரும் ஏங்கியிருப்பர். ஆனாலும் எதிரே இருப்பவனைப் பகைவன் என அவர்கள் கருதவில்லை. களத்தில் எதிர்நிற்பவன் பகைவன் ஆகான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அப்படியானால் போர் நாளில் விளையாட்டு வீரன் ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா? அவனுக்கென்று கடமை ஒன்றும் இல்லையா? உலகம் இதற்கு ஒன்றுக்கொன்று மாறான விடைகளைக் கண்டிருக்கிறது.

குத்துச்சண்டையில் உலக வாகை சூடிய ஜோ லூயிஸ், 1942 ஜனவரியில் பட்டி பேயரை வீழ்த்திப் பெற்ற தொகையை அமெரிக்கக் கடற்படையின் நிவாரண நிதிக்கு வழங்கினார். அதன்பின் படையிலும் சேர்ந்தார். கறுப்பர்களைச் சமையல், பரிமாறல் வேலைக்கு மேல் உயரவிடாத கடற்படைக்கே அவர் அதனை அளித்தார் என்பது நினைக்கத்தக்கது. பின்னாளில் அதே அரசின் வரித்துறை அவரை ஆண்டுக்கணக்கில் நெருக்கிற்று.

அவருக்குப்பின் வந்த முகம்மது அலி வேறு வழி சென்றார். 1967 ஏப்ரல் 28ஆம் நாள் ஹூஸ்டன் நகரில், வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்தார். தம் சமயமும் மனச்சான்றும் அதற்கு இடந்தரவில்லை என்றார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டால் சிறை செல்லவில்லை எனினும், உடல் வலிமை முழுமையாக இருந்த மூன்றரை ஆண்டுகளைக் களத்துக்கு வெளியே கழித்தார். 1971 ஜூன் 28ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. 1980இல் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் பந்தயம் நடத்தியபோது, திரண்ட கூட்டம் அவருடைய கையின் வலிமையை மட்டும் காண வந்ததில்லை.

1971 ஜூலையில் மற்றுமொரு விடை பிறந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து உயிர் தப்பி இந்தியா வந்த கால்பந்து ஆட்டக்காரர்கள் சுதந்திர வங்காள அணி என ஒன்றை அமைத்தனர். தலைவர் ஜக்காரியா பிண்ட்டு. ஜூலை 25ஆம் நாள் மேற்கு வங்கத்துக் கிருஷ்ணநகரில் முதல் பந்தயம். எந்த நாடும் இன்னும் ஒப்புக்கொள்ளாத தம் நாட்டுக் கொடியை ஏற்றினால்தான் ஆடுவோம் என்று அவர்கள் நின்றனர். கொடி ஏறியது, ஆட்டம் 2-2 எனச் சமமாக முடிந்தது. பல ஊர்களில் ஆடித் திரட்டிய பணத்தை விடுதலைப் போருக்கு ஈந்தனர். அந்தப் பந்தயத்தில் யார் எத்தனை கோல் போட்டார் என்பதை உலகம் மறந்துவிட்டது, கொடியை மறக்கவில்லை.

கொடுத்தவர் ஒருவர், மறுத்தவர் ஒருவர், கொடி ஏற்றியவர் சிலர். இவர்களில் யார் செய்தது சரி? மூவருக்கும் பொதுவான ஒன்றை நான் காண்கிறேன். தமக்குக் கிடைத்த புகழைத் தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளாமல், அதற்கு ஒரு விலை கொடுத்தார்கள். புகழ் என்பது மக்கள் தரும் கடன். நெருக்கடி நாளில் அக்கடன் திருப்பிக் கேட்கப்படுகிறது. எவ்வழியில் திருப்பிச் செலுத்துவது என்பதை அவரவர் மனச்சான்று தீர்மானிக்கட்டும். கேட்கப்படும்போது ஒளிந்துகொள்பவன்தான் வாகைக்குத் தகுதியற்றவன்.

நமக்கும் ஒரு கடன் உண்டு. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து உடல் செயலிழந்த முரளிகாந்த் பேட்கர் என்னும் இராணுவ வீரர், படையில் குத்துச்சண்டை ஆடியவர். காயத்துக்குப்பின் நீச்சல் பழகி, 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். அவ்வரங்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. போர் வீரனும் விளையாட்டு வீரனும் ஓர் உடலில் ஒன்றாய் வாழ்ந்த மனிதர். அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது 2018இல். நாற்பத்தாறு ஆண்டு கழித்து. வீரம், வீரம் என்று நாம் ஆரவாரித்த காலமெல்லாம், இரண்டு வீரமும் கொண்டவர் நம் நடுவே பெயரின்றி வாழ்ந்திருந்தார்!

விளையாட்டால் எதைச் செய்ய முடியாது என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். 1996 ஜனவரி 31ஆம் நாள் கொழும்பில் மத்திய வங்கிமீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகக் கோப்பைக்காக அங்குச் செல்ல ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அப்போது இந்தியரும் பாகிஸ்தானியரும் ஓர் அணியாகக் கூடி, பிப்ரவரி 13ஆம் நாள் கொழும்பு சென்று இலங்கையுடன் ஆடினர். வசீம் அக்ரம் வீசிய பந்தை டெண்டுல்கர் பிடித்து ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தார். அச்சத்தில் இருந்த ஓர் ஊருக்கு அண்டை வீட்டார் ஆறுதல் கூறச் சென்றதைப் போன்ற அழகிய செயல் அது. மார்ச் 17ஆம் நாள் லாகூரில் இலங்கை உலகக் கோப்பையை வென்றது. கண்டியைச் சேர்ந்த மலையகத் தமிழர் முத்தையா முரளிதரனும் அவ்வணியில் இருந்தார்.

நாடு முழுதும் மகிழ்ந்தது என்று எழுதினார்கள். ஆனால் அதே வேளையில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த லட்சக்கணக்கான தமிழர் வீடின்றி இருந்தனர். 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்து முகாம்களில் ஆறாவது ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தனர். கோப்பை அவர்களுக்கு வீட்டைத் திருப்பித் தரவில்லை. போர் பின்னும் பதின்மூன்று ஆண்டு நீடித்து 2009 மே மாதம்தான் முடிந்தது. அணியில் ஒரு தமிழன் இருக்கிறான் என்பது அந்நாட்டின் காயம் ஆறிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. அதுபோலவே, நம் அணித் தலைவர் ஒரு முஸ்லிம் என்பது நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்வியைத் தானே நிறுத்திவிடவில்லை. விளையாட்டு ஒரு கதவைத் திறந்து காட்டும். உள்ளே நடந்து செல்ல வேண்டியவர் மனிதரே.

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அள்பா என்றோர் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதனை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. அவர்கள் முகவாட்டத்தைக் கண்ட நாயகம், உலகில் உயர்ந்த எதனையும் ஒருநாள் தாழ்த்துவது இறைவனின் நியதி என்று உணர்த்தினார்கள். வென்றவரைப் பழிக்கவில்லை; தோற்ற ஒட்டகத்தையும் வெறுக்கவில்லை. மல்லில் பிறரை வீழ்த்துபவனைவிடச் சினத்தில் தன்னை அடக்குபவனே வலியவன் என்று போதித்தவரும் அவர்களே. இவ்விரு பாடங்களும் நெஞ்சில் இருந்தால், எந்த வெற்றி இரவிலும் நம் தெருவில் அளவு தப்பாது.

ஆச்சியின் மகன் அவ்வாண்டு இறுதியில் விடுப்பில் வந்தான். நான் தயங்கித் தயங்கி மான்செஸ்டர் பந்தயத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"டிரான்சிஸ்டர்ல கேட்டோம் சார். பிரசாத் விக்கெட் எடுக்க எடுக்க எங்க ஆளுங்களுக்குத் தாங்கல" என்றான். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மறுநாள் காலையில ரெண்டு பேரைக் கீழே தூக்கிட்டு வந்தோம். அதுல ஒருத்தன் ராத்திரி எங்களோட கமெண்டரி கேட்டவன்" என்றான்.

அவன் விளையாட்டை வெறுக்கவில்லை. அந்த இரவுக்காக நம்மையும் பழிக்கவில்லை. மகிழ்ந்தான், காலையில் எழுந்து, தூக்க வேண்டியவரைத் தூக்கினான். நான் இத்தனை பக்கம் எழுதித் தேடிய விடையை அவன் தன் வாழ்க்கையில் வைத்திருந்தான்.

அன்று பட்டாசு வெடித்த சிறுவனும் இன்று வளர்ந்து, ஒரு மகனுக்குத் தந்தையாகிவிட்டான். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஆற்றங்கரை மணலில் தன் மகனுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தான். சிறு தயக்கத்தோடு ஓடிவந்து கையைச் சுழற்றும் அந்தப் பழைய முறை திரும்பி வந்திருந்தது. யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. நான் கை தட்டினேன்.

செய்தித்தாளை இப்போது முதற் பக்கத்திலிருந்தே படிக்கிறேன். கடைசிப் பக்கத்துக்கும் வந்து சேர்கிறேன்.